மென்டர் இல்லாமல் தேர்ந்த புரோகிராமர் ஆக முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு சின்ன ஊரில், நாலைந்து பேர் மட்டும் இருக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கே சீனியரும் அவர்தான், ஜூனியரும் அவர்தான். பெங்களூரில் பெரிய கம்பெனிகளில் சேர்ந்த நண்பர்களுக்கு ஆளுக்கொரு மென்டர், அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் சீனியர், கிடைத்திருக்கிறார். தனக்கு யாரும் இல்லை. இப்படியே போனால் வேலை ஓட்டத் தெரிந்த ஆளாக இருப்பேன், தேர்ந்த ஆளாக ஆவேனா என்பது அவருடைய கவலை.

மென்டர் கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்து ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்க உங்களைத் தவிர வேறொரு ஆள் கட்டாயம் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அதனால்தான் ஒரு கட்சி ‘குரு இல்லாமல் வித்தை வராது’ என்கிறது, இன்னொரு கட்சி ‘லினக்ஸ் இயங்குதளத்தை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு எந்தக் குரு இருந்தார்?’ என்று மடக்குகிறது.

சரி, அந்த லினஸ் கதையையே எடுத்துக்கொள்வோம். தானாகக் கற்றவர் என்றால் எல்லோரும் முதலில் நீட்டும் உதாரணம் அவர்தான். 1969-இல் ஹெல்சின்கியில் பிறந்தவர். தாத்தா லியோ டோர்ன்க்விஸ்ட் அங்கே புள்ளியியல் பேராசிரியர். தாத்தா வீட்டில் ஒரு கமடோர் விக்-20 கணினி இருந்தது. தாத்தா தாளில் எழுதித் தரும் புரோகிராமைப் பேரன் உட்கார்ந்து தட்டிக்கொடுப்பான். அப்படித்தான் தொடக்கம். அப்புறம் ஒரு சின்க்ளேர் க்யூஎல். அதற்கு மென்பொருள் சரியாகக் கிடைக்காததால் நிரல் எழுத உதவும் கருவிகளான அசெம்பிளரையும் எடிட்டரையும் தானே எழுதிக்கொண்டார். 1991 ஜனவரியில், இன்டெலின் 386 சிப் வைத்த ஒரு கணினி வாங்கினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி, பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அப்போது வயது 21. இதுவரை பார்த்தால் தனி ஆள் சாதனைதான்.

ஆனால் அந்த 386 வருவதற்கு முன் அவர் எதைப் படித்துக்கொண்டிருந்தார் என்று பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டேனன்பாம் 1987-இல் வெளியிட்ட இயங்குதளப் பாடப்புத்தகம். அதில் மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தின் மூல நிரல், சுமார் 12,000 வரி, அப்படியே அச்சிடப்பட்டிருந்தது. டேனன்பாம் அதை எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு வந்தபோது, அதன் மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக்கூடாது என்று அதன் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம் உரிமத்தில் தடை போட்டுவிட்டது. அதற்கு முந்தைய ஆறாம் பதிப்பை ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் வரி வரியாக உரை எழுதி மாணவர்களுக்கு நடத்தியிருந்தார். அந்த உரையையும் முறையாக அச்சிட முடியாமல் போனது. ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாக, எழுத்து மங்கிய பிரதிகளாக, உலகம் முழுக்கக் கைமாறி 1996-இல்தான் புத்தகமாக வந்தது. நடத்த யூனிக்ஸ் கிடைக்காததால் டேனன்பாம் தானே ஒன்று எழுதினார். அதைப் படித்துத்தான் ஹெல்சின்கிப் பையன் லினக்ஸ் எழுதினான்.

டேனன்பாம் அவருக்கு மென்டரா? இல்லவே இல்லை. 1992 ஜனவரியில் ‘லினக்ஸ் காலாவதியானது’ என்று அவரே பொதுவில் எழுதினார். எல்லாவற்றையும் ஒரே கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அடைப்பது பழைய பாணி, 386-க்கு மட்டும் என்று இறுக்கிக் கட்டியது தவறு, நீ என் மாணவனாக இல்லாததற்கு நன்றி சொல், இந்த வடிவமைப்புக்கு நல்ல மார்க் கிடைத்திருக்காது என்றெல்லாம் போட்டுத் தாளித்தார். லினஸ் கோபமாகப் பதில் எழுதி, மறுநாள் அந்தத் தொனிக்காக மன்னிப்பும் கேட்டார். ஒற்றை கெர்னல் விஷயத்தில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றொன்று? 1995-இல் வந்த 1.2 பதிப்பு ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் என்று வேறு சிப்களிலும் ஓடியது. டேனன்பாம் சொன்னதால்தான் மாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 22 வயதில் இயங்குதளம் எழுதுகிற எத்தனை பேருக்கு, அந்தத் துறையின் பாடப்புத்தகம் எழுதியவரே உட்கார்ந்து குறை சொல்லும் பாக்கியம் கிடைக்கும்? அதற்கப்புறம் நூற்றுக்கணக்கானவர்கள் பேட்ச் (நிரலுக்கான திருத்தம்) அனுப்பினார்கள், பக் (பிழை) சொன்னார்கள், சண்டை போட்டார்கள். லினஸுக்கு மென்டர் என்று ஒருவர் இல்லை, உண்மைதான். ஆனால் அவர் எழுதியதை யாரும் பார்க்கவில்லை என்றால் அது பொய்.

இனி, இது ஏன் இப்படி இருக்கிறது என்று பார்ப்போம். கைதேர்ச்சி பற்றிய ஆராய்ச்சியில் அடிக்கடி அடிபடும் பெயர் ஆண்டர்ஸ் எரிக்ஸன். 1993-இல் அவரும் சக ஆய்வாளர்களும் பெர்லினில் வயலின் படித்த மாணவர்களை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் பின்னால் ‘பத்தாயிரம் மணி நேரம்’ என்ற கோஷம் பிறந்தது. அதைப் பிரபலமாக்கியது அவர் இல்லை. சொல்லப்போனால் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் என்று அவர் பல முறை மறுத்திருக்கிறார். ஆசிரியர் பார்த்து வகுத்துக்கொடுக்கும் பயிற்சி, உடனுக்குடன் திருத்தம், இந்த இரண்டையும்தான் அவர் அழுத்திச் சொன்னார். வயலினுக்கு அது பொருந்தும். நம் ஊர்ப் பாட்டு வகுப்பிலும் அப்படித்தான்: ஒரு கமகம் தப்பாக விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருப்பிப் பாடச் சொல்வார்கள். விட்டால் தப்பே பாடமாகிவிடும். பாடுகிறவர் காதுக்கு அது தப்பென்றே தெரியாது.

புரோகிராமிங்கில் அந்த வேலையில் பாதியை மெஷினே செய்துவிடுகிறது. அடைப்புக்குறி விட்டால், நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் கத்தும். கணக்கு தப்பினால், நிரலைச் சோதிக்க நாம் எழுதிய டெஸ்ட் சிவப்பாகும். அதனால்தான் இதில் தானே கற்றவர்கள் நிறைய. கணினி அறிவியலின் பெரிய பெயர்களில் ஒருவரான டொனால்ட் நூத் 1957-இல் கல்லூரியில் ஐபிஎம் 650 மெஷினின் கையேட்டைப் பார்த்து, அதிலிருந்த புரோகிராம்களைவிடத் தன்னால் நன்றாக எழுத முடியும் என்று தொடங்கியவர். ராத்திரியில் உட்கார்ந்து மெஷினோடு மல்லுக்கட்டியே கற்றார். மெஷின் பொறுமையானது, முகம் சுளிக்காது, எத்தனை முறை கேட்டாலும் பதில் சொல்லும். ஆரம்ப நிலைக்கு இதுவே போதும். வேலைக்குச் சேரும் அளவுக்குக்கூடப் போதும்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். ‘ஓடுகிறதா?’ என்பதற்கு மெஷின் பதில் சொல்லும். ‘இப்படி எழுதலாமா?’ என்பதற்குச் சொல்லாது. ஒரு உதாரணத்தை விலாவாரியாகச் சொல்கிறேன், இதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் ரிவ்யூ பார்த்த, அதாவது சேர்ப்பதற்கு முன் படித்துக் குறை சொன்ன, ஒரு சின்ன மாற்றம். வாடிக்கையாளரிடம் பணம் எடுக்க பேமென்ட் கேட்வேயை, அதாவது பணப் பரிமாற்றத்தைச் செய்துதரும் வெளிச் சேவையை, கூப்பிடும் நிரல். கேட்வே சில நேரம் பதில் தராமல் தொங்குகிறது. அதனால் எழுதிய பையன் ஒரு லூப் போட்டிருந்தான்: பத்து செகண்டில் பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடு, மூன்று முறை பார், அப்புறமும் வராவிட்டால் ‘தோல்வி’ என்று எழுது. அழகான நிரல். பெயர்கள் நன்றாக இருந்தன, டெஸ்ட்டும் இருந்தது. முதல் இரண்டு முறை டைம்அவுட், மூன்றாவது முறை வெற்றி. எல்லாம் பச்சை.

நான் ஒரே ஒரு கேள்விதான் எழுதினேன்: “பத்து செகண்டில் பதில் வரவில்லை என்றால், பணம் எடுக்கப்படவில்லை என்று அர்த்தமா?”

கொஞ்ச நேரம் கழித்து அவனே என் டேபிளுக்கு வந்தான். “அண்ணா, பணம் எடுத்துட்டு, பதில் மட்டும் வழியில தொலைஞ்சிருக்கலாம் இல்ல?” என்றான். ஆமாம். அப்படி ஆனால் அந்த லூப் ஒரே ஆளிடம் இரண்டு முறை, மூன்று முறைகூடப் பணம் எடுத்துவிடும். கேட்வேயின் ஆவணத்தைப் போய்ப் படித்தான். ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனி அடையாள எண் அனுப்பலாம், அதே எண் மறுபடி வந்தால் கேட்வே இரண்டாவது முறை பணம் எடுக்காது என்று அதில் இருந்தது. ஐடெம்பொட்டென்ஸி கீ என்பார்கள். சேர்த்துவிட்டு மறுபடி அனுப்பினான்.

பார்த்தால், அந்த எண்ணை லூப்புக்கு உள்ளே உருவாக்கியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் புது எண். கேட்வேக்கு ஒவ்வொன்றும் புதுக் கோரிக்கை. டெஸ்ட் இப்போதும் பச்சைதான். “எண்ணை எங்கே உருவாக்குகிறாய்?” என்று கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். லூப்புக்கு வெளியே நகர்த்தினான். அப்புறம் இன்னொரு கேள்வி: “கேட்வேயைக் கூப்பிட்ட பிறகு நம் சர்வரே விழுந்து எழுந்தால்?” எண் மெமரியில்தானே இருக்கிறது, போயே போச்சு. கூப்பிடுவதற்கு முன்னாலேயே டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்க வேண்டும். இதை நான் சொல்லவில்லை, அவனே சொன்னான். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் எழுதிய எஸ்எம்எஸ் அனுப்பும் நிரலைப் பார்த்து, “பதில் வரலைன்னா மெசேஜ் போகலைன்னு எப்படித் தெரியும்?” என்று அவனே கேட்டிருந்தான். என்னிடமிருந்து அவனுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தக் கேள்விதான்.

நெட்வொர்க்கை நம்பாதே, பதில் வராததும் வேலை நடக்காததும் ஒன்றில்லை என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. அந்தப் பையனும் படித்திருப்பான், இன்டர்வியூவில் ஒப்பித்தும் இருப்பான். ஆனால் தன்னுடைய நாற்பதாவது வரியில் அதே பள்ளம் இருக்கிறது என்பது எழுதும்போது கண்ணில் படவில்லை. புத்தகம் உங்கள் நிரலைப் படிப்பதில்லை. படித்து, பொருத்தமான நேரத்தில் பொருத்தமான இடத்தில் விரல் வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் டீம் லீடாக இருக்க வேண்டியதில்லை, உங்களைவிட வயதில் பெரியவராகவும் இருக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்தவராகவும், சங்கடப்படாமல் கேட்பவராகவும் இருந்தால் போதும்.

மென்டர் என்ற ஒருவரால் மட்டும் ஆகும் காரியம் எதுவும் இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. அதற்கும் நிரலுக்கும் சம்பந்தமில்லை. டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா, கணினித் துறையின் உயரிய ட்யூரிங் விருதுக்காக 1972-இல் ஆற்றிய உரையில் ஒரு சம்பவம் சொல்கிறார். 1955-இல் அவருக்கு ஒரு தடுமாற்றம். இயற்பியலும் படிக்கிறார், ஆம்ஸ்டர்டாமில் கணித மையத்தில் புரோகிராமராகவும் இருக்கிறார். இரண்டில் ஒன்றை விட வேண்டும். ஆனால் புரோகிராமிங் என்பது ஒரு துறையா? உங்களுக்கு என்ன தெரியும் என்று ஹார்டுவேர்க்காரர்களைக் கேட்டால் எங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியும் என்பார்கள். என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன்? இந்தக் குழப்பத்தோடு தலைவர் வான் வைன்கார்டனின் அறைக்குள் போனார். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இப்போதைக்கு இது பெரிய துறை இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் கணினிகள் இனி எங்கும் போகப்போவதில்லை, நாம் தொடக்கத்தில்தான் இருக்கிறோம், இதை மதிப்புள்ள துறையாக்கும் ஆட்களில் நீயும் ஒருவனாக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டார். அறைக்குள் போன ஆளாக டைக்ஸ்ட்ரா வெளியே வரவில்லை. (1957-இல் கல்யாணப் பதிவின்போது தொழில் ‘புரோகிராமர்’ என்று எழுத, அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகராட்சி ஏற்க மறுத்ததும் அதே உரையில்தான் வருகிறது.) அங்கே மென்டர் செய்தது, ஒரு ஆளைப் பார்த்து ‘உன்னால் இது முடியும், இதுதான் உன் வழி’ என்று சொன்னது. இது கிடைப்பது அதிர்ஷ்டம். தேடிப்போய் வாங்க முடியாது.

பில் கேட்ஸ் கதையில் தானே கற்றதும் இருக்கிறது, சீனியரிடம் கற்றதும் இருக்கிறது. சியாட்டிலில் பள்ளிப் பையனாக இருந்தபோது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் குப்பைத்தொட்டிக்குள் இறங்கி, அவர்கள் தூக்கியெறிந்த நிரல் அச்சுத்தாள்களை எடுத்துப் படித்தவர். தொட்டிக்குள் ஏற்றிவிட்டது பால் ஆலன். அது நிரல் படித்துக் கற்றது. சில ஆண்டுகள் கழித்து டிஆர்டபிள்யூ என்ற நிறுவனத்தின் மின்கட்டமைப்பு வேலையில் சேர்ந்தபோது ஜான் நார்ட்டன் என்றொரு சீனியர் கிடைத்தார். கேட்ஸ் எழுதியதை எடுத்துப் பார்த்து, இது சரியில்லை, இதை இப்படி மாற்று என்று குறித்துத் திருப்பித் தருவார். தான் கெட்டிக்காரன் என்று நன்றாகத் தெரிந்த ஒரு பையனுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

எல்லா மென்டரும் நார்ட்டன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூடநம்பிக்கையைக் கைமாற்றிவிடும் சீனியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் கமென்ட் எழுது, எதற்கெடுத்தாலும் ஒரு இன்டர்ஃபேஸ் போடு, இந்த ஃபைலைத் தொடாதே. ஏன் என்று கேட்டால் ‘அப்படித்தான் செய்வோம்’ என்பார்கள். அப்படிப்பட்டவரிடம் மாட்டினால் ஐந்து வருடம் கழித்து நீங்களும் அதையே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள். இன்னொரு வகை, திட்டித் தீர்ப்பவர்கள். லினஸே இதற்குப் பேர்போனவர். 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அந்த மின்னஞ்சல்களில் தொழில்நுட்பக் காரணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அடுத்த பேட்ச் அனுப்பினாரா என்பதுதான் கேள்வி. ஆக, மோசமான மென்டருக்கு மென்டரே இல்லாதது மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது கேட்டவரின் நிலைமைக்கு வருகிறேன். உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். வடிவமைப்பில் செய்யும் தப்பு உடனே தெரியாது. இன்று எடுத்த டேட்டாபேஸ் முடிவின் வலி இரண்டு, மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது: ஒருவருடைய உள்ளுணர்வை நம்ப வேண்டுமானால், அவர் வேலை செய்யும் உலகத்தில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், செய்ததன் விளைவு அவருக்குத் திரும்பி வந்து சேரவும் வேண்டும். பெங்களூர் நண்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறார்கள். தாங்கள் கட்டிய வீடு ஒழுகுவதைப் பார்க்க அவர்கள் இருப்பதே இல்லை. மென்டர் இருக்கிறார், விளைவு இல்லை. உங்களுக்கு மென்டர் இல்லை, ஆனால் மூன்று வருடத்துக்கு முன் எழுதியது ராத்திரி பதினோரு மணிக்கு உங்களைத்தான் எழுப்புகிறது. அதை வீணாக்காதீர்கள். பெரிய முடிவு எடுக்கும்போதெல்லாம் ஏன் எடுத்தோம், வேறு என்ன வழி இருந்தது என்று நாலு வரி எழுதி நிரலோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். பின்னால் அது உடையும்போது எடுத்துப் படித்தால், அன்றைக்கு எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று தெரியும். எழுதி வைக்காவிட்டால் மனசு தனக்குச் சாதகமாகக் கதையை மாற்றிக்கொள்ளும்.

பயனாளரும் ஒரு ரிவ்யூவர்தான், கட்டணம் வாங்காத, தயவு தாட்சண்யம் பார்க்காத ரிவ்யூவர். ரசீதில் பெயர் நீளமாக இருந்தால் இருபது எழுத்தோடு வெட்டு என்று ஒரு வரி எழுதுவீர்கள். ஆங்கிலப் பெயர்களை வைத்து டெஸ்ட் செய்தால் எல்லாம் சரியாக இருக்கும். தமிழில் அச்சடித்ததும் கடைக்காரர் போன் பண்ணுவார்: பெயரின் கடைசியில் கொம்பைக் காணோம், சுழியைக் காணோம் என்று. ‘நிலா’ நமக்கு இரண்டு எழுத்து. எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடில் அது நான்கு குறியீடு. ந தனி, அதன் கொக்கி தனி, ல தனி, கால் தனி. அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் பன்னிரண்டு பைட். எந்த எண்ணிக்கையில் வெட்டுகிறோம் என்ற கேள்வியே அதுவரை உங்களுக்குத் தோன்றியிருக்காது. அந்த போன் அழைப்புக்கு அப்புறம், எழுத்து என்றால் என்ன என்று யோசிக்காமல் ஒரு ஸ்ட்ரிங்கைக்கூடத் தொட மாட்டீர்கள். ஆனால் ஒன்று: புகாரை ஒட்டுப்போட்டு மூடிவிட்டால் ஒன்றும் கற்க மாட்டீர்கள். ‘இதே தப்பு வேறு எங்கெல்லாம் இருக்கிறது?’ என்று மொத்த நிரலையும் ஒருமுறை தேடிப் பார்க்கிறவர்தான் தேறுவார்.

விளைவும் பயனாளரும் சேர்ந்தால்கூட ஒரு ஓட்டை மிச்சம் இருக்கும். உடைந்த இடம் தெரியும். உடையாமல், ஆனால் மோசமாக இருக்கும் இடம் தெரியாது. அதற்கு நல்ல நிரலைப் பார்த்துப் பழக வேண்டும், நல்லவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் குறை சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நிரலை யாரும் படிக்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் திறந்த மூல மென்பொருளில் இரண்டும் பொதுவில் கிடக்கின்றன. இறுதி நிரலை மட்டும் படிப்பது பாதிப் பலன்தான். ஒரு பேட்சின் முதல் பதிப்பு, அதற்கு வந்த ஆட்சேபம், இரண்டாவது, மூன்றாவது பதிப்பு என்று வரிசையாகப் படியுங்கள். லினக்ஸ் கெர்னலின் மின்னஞ்சல் காப்பகம் முழுக்க அதுதான். அடுத்தவர் வாங்கிய திட்டிலிருந்து நமக்குப் பாடம், இலவசமாக. நான் சொல்லும் ஒரு முறை: முதல் பதிப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்துங்கள், நீங்கள் என்ன குறை சொல்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள், அப்புறம் பதில்களைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் நீங்கள் பெயர்களையும் இடைவெளிகளையும் பற்றி எழுதியிருப்பீர்கள், அவர்கள் லாக் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் பூட்டு) எடுக்கும் வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். வெட்கமாக இருக்கும். பரவாயில்லை, அங்கே உங்களைத் தவிர யாரும் இல்லை.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நீங்கள் ஒரு பேட்ச் அனுப்பினால், பதிலுக்கு இன்னொருவரின் பேட்சை நீங்கள் ரிவ்யூ செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். புதியவராக இருந்தாலும் சரிதான். நிரலைக் கம்பைல் பண்ணி, சொன்னபடி ஓடுகிறதா, ஆவணத்தில் எழுதியது புரிகிறதா என்று பார்த்துச் சொல்வதே ரிவ்யூதான். எழுதுவதைவிட அடுத்தவர் எழுதியதில் ஓட்டை தேடுவது கண்ணைச் சீக்கிரம் பழக்குகிறது என்பது என் அனுபவம். சொந்த நிரலில் நாம் எழுத நினைத்ததைப் படிக்கிறோம். அடுத்தவர் நிரலில்தான் எழுதியிருப்பதைப் படிக்கிறோம்.

ஏஐ இருக்கும்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ‘இது சரியா?’ என்று கேட்டால் அருமை என்று தட்டிக்கொடுத்துவிட்டு இரண்டு சில்லறைத் திருத்தம் சொல்லும். ‘இந்த ஃபங்ஷன் எந்தச் சூழ்நிலையில் பணத்தை இரண்டு முறை எடுக்கும்?’ என்று கேட்டால் உருப்படியாகப் பதில் வரும். அங்கேதான் சிக்கல்: அப்படிக் கேட்க உங்களுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்த டேபிளை ஏன் அப்படி வைத்தார்கள், போன தீபாவளி சமயத்தில் எது விழுந்தது என்பதும் அதற்குத் தெரியாது. இன்னொரு ஆபத்து, எழுதுவதையே அதனிடம் விட்டுவிட்டு, நாம் படிக்காமல் ஒப்புதல் போடுவது. அப்படிச் செய்தால் உங்கள் நிரலைப் படிக்கும் ஆட்களில் நீங்களே குறைந்துவிடுகிறீர்கள். நீங்கள் எழுதி, அதைக் குறை சொல்லச் சொல்லுங்கள். தலைகீழாக வேண்டாம்.

மென்டர்ஷிப் என்று போர்டு மாட்டி ஆயிரக்கணக்கில் வசூலிக்கும் கோர்ஸ்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு விஷயம் விசாரியுங்கள்: ஒருவர் உட்கார்ந்து என் நிரலை வரி வரியாகப் படிப்பாரா, வாரத்துக்கு எத்தனை முறை? ரெக்கார்டிங்கும் வாட்ஸ்அப் குழுவும்தான் என்றால் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே இலவசமாகக் கற்றுத்தரக் கணியம் என்ற தளம் இருக்கிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் என்று லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. அங்கே போய் ‘எனக்கு மென்டராக இருங்கள்’ என்று யாரையும் கேட்காதீர்கள். கேட்கப்படுபவர் மிரண்டுபோவார், எவ்வளவு நேரம், எத்தனை வருடம் என்று அவருக்கே தெரியாத பொறுப்பு அது. ‘அண்ணா, இந்த அறுபது வரியைப் பார்த்து, எங்கே உடையும்னு மட்டும் சொல்லுங்க’ என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை, யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னதைத் திருத்தி, திருத்தியதை மறுபடி காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. அதைச் செய்கிறவரை அடுத்த முறை அவர்களே தேடுவார்கள்.

திறந்த மூலத் திட்டங்களுக்கு பேட்ச் அனுப்பும்போதும் இதேதான். ஆயிரம் வரி மாற்றத்தை யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக், ஒரு பேட்ச். என்ன மாற்றினோம் என்பதை நிரலே சொல்லும், ஏன் மாற்றினோம் என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மனம் விட்டுவிடாதீர்கள். கெர்னல் ஆவணத்திலேயே கருத்து வர இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம், குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்துவிட்டு நினைவூட்டுங்கள் என்று போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வரிசையில் காத்திருக்கும் இன்னொருவரின் பேட்சை எடுத்துப் பாருங்கள்.